எங்க எடுத்தீங்க?

புனே
14 ஜூன் 2025

அக்கா,

நலம். நீயும் மாமாவும் நலம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வலைப்பூ தயார். நீ சொன்ன பெயரையே வைத்துவிட்டேன்: ‘எங்க எடுத்தீங்க?’ முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் பக்கம் விசேஷத்துக்குப் போகிற எந்தப் பெண்ணும் உட்காருவதற்கு முன்னால் பக்கத்திலிருப்பவரின் முந்தானையைத் தொட்டுக் கேட்பது அதைத்தானே. சரியான பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சங்கராபுரத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி வரை நின்றுகொண்டே போனாலும் மடிப்பு கலையாமல் சேலை கட்டுவது எப்படி என்று எழுதியிருந்தாயே, அதுதான் முதல் பதிவு. எழுத்துப்பிழை நிறைய. நீ பேசுகிற மாதிரியே இருந்ததால் திருத்தவில்லை. ஆனால் படங்கள் மோசம். யாரையும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கவைக்காதே. பின்னால் கொடியில் மாமாவின் பனியன் தொங்குகிறது.

இனி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, தெளிவு போய்விடுகிறது. மெயிலில் அனுப்பு. சொல்ல வேண்டியதையும் அதிலேயே எழுது. போனில் உன் தையல் மிஷின் சத்தத்தில் பாதி கேட்பதில்லை.

தமிழழகன்


சங்கராபுரம்
22 ஜூன் 2025

அன்புத் தம்பி அழகுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நேராக விஷயத்துக்கு வருகிறாயே, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் புனேவில் அபராதம் போடுவார்களா? அம்மா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார். நாங்கள் சாப்பிட்டோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வலைப்பூவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள், “என்னையும் ஒரு போட்டோ புடிடி” என்று முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கருணாபுரத்திலிருந்து ஜெயம்மாக்கா வந்திருந்தார். அம்மாவோடு களையெடுக்கப் போவாரே, அவர்தான். “இன்னாடி கோகிலா, பொடவை கட்றதுக்குமா கம்ப்யூட்டரு? எம் பொண்ணு படத்தப் போடு, பாத்துட்டு எவனாச்சும் கேட்டுக்கினு வரட்டும்” என்றார். மலர்விழி வெட்கப்பட்டு வெளியே ஓடிவிட்டாள். போன வருஷம் விஷச் சாராயத்தில் வீட்டுக்காரர் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார்.

ஒன்று சொல்கிறேன், கேள்வி கேட்காமல் செய். எங்கே எடுத்தோம் என்று அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே போடு. ஒரே சேலை இரண்டு பேர் மேல் வந்தால், இரண்டாவது படத்தைப் போடாதே.

உன் அக்கா,
கோகிலவாணி


புனே
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

சாப்பிட்டாயா? கேட்டுவிட்டேன்.

ஆடித் தள்ளுபடியில் எடுக்கக் கூடாத சேலைகள் என்று நீ எழுதியது நன்றாக ஓடுகிறது. வெள்ளிமலைக் குளிரில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுக்கு மேல் என்ன போர்த்திக்கொள்வது என்பதும் பரவாயில்லை. ஆனால் இது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எல்லா ஊருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதேன் என்றால், “சந்தையில என்னப் பாக்கறவங்களுக்குத்தான் எழுதறேன், மத்தவங்களுக்கு நான் யாரு” என்கிறாய். இப்படி நினைத்தால் எதுவும் வளராது.

அப்புறம், ஒரே சேலை இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி. காரணம் கேட்டால் “சொன்னா செய்டா” என்கிறாய். எனக்கு வேலையே மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது. காரணம் இல்லாத விதியைப் பார்த்தால் அதைத்தான் முதலில் நோண்டுவேன்.

தமிழ்


சங்கராபுரம்
2 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

சந்தோஷமான சேதி. ஞாயிற்றுக்கிழமை மலர்விழிக்கு நிச்சயம் நடந்தது. மணலூர்பேட்டை மாப்பிள்ளை. சொந்த நிலம், கரும்பும் நெல்லும். பெண்ணுக்கு அப்பா இல்லை என்று தெரிந்தும் அவர்களாகவே கேட்டு வந்தார்கள். பையன் நம் வலைப்பூவில் படம் பார்த்தானாம்! ஜெயம்மாக்கா விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மலர் மெரூன் பட்டு கட்டியிருந்தாள். அவளுக்கென்றே நெய்தது மாதிரி இருந்தது. நான் போய் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, “சேல புத்தம் புதுசா இருக்குதே, எங்க எடுத்தீங்க?” என்றேன். “காஞ்சிபுரம் போயி எடுத்துக்கினு வந்தோம்” என்றார் ஜெயம்மாக்கா, முகம் மாறாமல். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்றைக்கு எடுத்த படங்களை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். மலர் படம் வேண்டாம், மற்றவர்கள் படத்தில் நல்லதாகப் பார்த்துப் போடு.

நீயும் ஒரு பெண்ணைப் பார்த்தால் அக்காவிடம் முதலில் சொல்.

கோகிலா


புனே
21 செப்டம்பர் 2025

அக்கா,

ஒரு பதிவு போடட்டுமா என்று போன வாரம் மெயிலில் கேட்டேன், பதில் இல்லை. தீபாவளித் தையல் குவிந்திருக்கும். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, எனவே போட்டுவிட்டேன். கோபப்படாதே, படித்துவிட்டுக் கோபப்படு.

நிச்சயப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர்விழி சேலையின் பார்டரில் ஒரே ஒரு மாங்காய் மட்டும் தலைகீழாக இருக்கிறது. நெய்தவரின் தவறு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பழைய படங்களைத் தேடினேன். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நீ கட்டியிருக்கிறாய், அதே மாங்காய். உன் பக்கத்து வீட்டுக் கண்ணகியின் வளைகாப்பிலும் அதே மாங்காய். எல்லாம் உன் சேலை!

அக்கா, இதைவிட நல்ல பதிவு நமக்குக் கிடைக்காது. பணக்காரர்கள் ஒரு தடவை கட்டிவிட்டுப் பீரோவில் பூட்டுகிறார்கள். நீ ஒரு சேலையை ஊருக்கே கட்டக் கொடுக்கிறாய். இதை ஏன் மறைக்க வேண்டும்? மூன்று படங்களையும் வரிசையாக வைத்து, ‘ஒரே சேலை, மூன்று விசேஷம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். சேலை என் அக்காவுடையது என்று பெருமையாகவே எழுதியிருக்கிறேன்.

காலையில்தான் போட்டேன், இதுவரை எந்தப் பதிவையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. கமெண்ட் வந்துகொண்டே இருக்கிறது. சிலது புரியவில்லை. “காஞ்சிபுரம் இப்ப சங்கராபுரத்துலதான் இருக்குதா?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அதற்கு மணலூர்பேட்டையிலிருந்து நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள்.

தமிழ்


சங்கராபுரம்
1 அக்டோபர் 2025

தம்பிக்கு,

அன்றைக்குப் போனில் “எடுத்துடு” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. நீயும் உடனே எடுத்துவிட்டாய். ஆனால் அதற்குள் அது எல்லார் போனிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

காரணம் கேட்டாயே, எழுதுகிறேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் வாயால் சொல்கிற பழக்கம் நமக்கு இல்லை.

நம் பக்கம் சேலை இரவல் வாங்காத வீடு கிடையாது. கொடுத்தவள் விசேஷத்துக்குப் போனால், தன் சேலையை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். எங்க எடுத்தீங்க என்று சத்தமாகக் கேட்க வேண்டும். வாங்கியவள் வாய்க்கு வந்த ஊரைச் சொல்லுவாள். அத்தோடு அன்றைக்கு அந்தச் சேலை அவளுடையது. யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, கேட்கிற பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் தெரியாதவர்களாக இருப்பார்கள்.

கல்யாணம் நிற்கவில்லை. பையன் நல்லவன். ஆனால் அவன் அம்மா சொந்தக்காரர்களோடு கருணாபுரம் வந்து, வாசலில் நின்றபடியே ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்தார். “இத யாருக்கும் திருப்பிக் குடுக்க வேணாம்” என்று தெருவே கேட்கச் சொன்னார். மலர் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? வாழ்நாள் பூராவும் அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையோடுதான் இருக்க வேண்டும்.

ஜெயம்மாக்கா என்னைத் திட்டவில்லை. கடைக்கு வந்தார், கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பிக் கேட்டார். “ஒனக்கு வேல ஜாஸ்தி கோகிலா, நான் வேற எடத்துல குடுத்துக்கறேன்” என்றார். மெரூன் சேலையைச் சலவை செய்து, மடித்து, மேலே ஒரு முழம் பூ வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி செய்த தப்பு என்று எப்படிச் சொல்வேன்? படம் பிடித்தது நான். பெயர் வைத்தது நான்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தார், நீ போன் முகப்பில் வைத்திருக்கிறாயே, அந்தப் படம். அது ஜெயம்மாக்காவின் சேலை. அவரும் நம்மோடு வேனில் வந்தார். காலேஜ் வாசலில் எல்லாரும் இருக்கும்போது, “ராணியம்மா, சேல ஜோரா இருக்குது, எங்க எடுத்தீங்க?” என்று கேட்டார். “எம் புள்ள எடுத்துக் குடுத்தான்” என்றார் அம்மா. நீ உடனே, “நான் எங்க எடுத்துக் குடுத்தேன்?” என்றாய். அம்மா உன் கையைக் கிள்ளினார். ஜெயம்மாக்கா சிரித்துக்கொண்டே திரும்பி நின்றுகொண்டார்.

கோகிலவாணி


புனே
4 அக்டோபர் 2025

அக்கா,

கிள்ளியது ஞாபகம் இருக்கிறது. எதற்கு என்று அன்றைக்குக் கேட்டேன், அம்மா சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. தப்பு என்னுடையது. நீ போடாதே என்றாய், போட்டேன். உன்னைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்தேன், அது உண்மை. அதனால் தப்பு குறையாது என்பதும் தெரிகிறது.

தீபாவளிக்கு வருகிறேன். நேராகக் கருணாபுரம் போய் ஜெயம்மாக்கா காலில் விழுகிறேன். மணலூர்பேட்டைக்கும் போகிறேன். வேறு எதைச் செய்தால் சரியாகும், சொல்.

தமிழ்


சங்கராபுரம்
9 அக்டோபர் 2025

தம்பிக்கு,

வராதே. நீ காலில் விழுந்தால் அந்தத் தெரு அதை இன்னொரு வருஷம் பேசும். மணலூர்பேட்டைக்குப் போனால் மலருக்குத்தான் இடி. சில விஷயங்களில் சரி செய்யப் போவதுதான் இரண்டாவது தப்பு.

வலைப்பூவை மூடிவிடு. போட்டோ பிடிக்க யாரும் வந்து நிற்பதில்லை. கண்ணகி கூட மதில் பக்கம் வருவதில்லை. சேலை கேட்டு ஒருத்தரும் வரவில்லை, பீரோவில் மடித்தது மடித்தபடி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் கொஞ்ச நாள் எழுதவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா


புனே
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? காலையில் சாப்பிட்டீர்களா? தையில் அங்கே இன்னும் பனி இருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

தீபாவளிக்கு நான் வரவில்லை. பொங்கலுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. கோபம் இல்லை என்று நீ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறேன். வலைப்பூவை மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை படித்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போவதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். சந்தையில் உன்னைப் பார்க்கிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன் என்றாய். எனக்கு அப்போது புரியவில்லை.

இன்றைக்கு மலர்விழி கல்யாணத்தை நேரலையில் பார்த்தேன். சித்தப்பா பையன் அஜித் லிங்க் அனுப்பினான். மலர் தலையை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தாள், பார்க்க நன்றாக இருந்தது. ஜெயம்மாக்கா சாதாரண நூல் சேலை கட்டியிருந்தார். பெண்ணைப் பெற்றவர். நல்ல சேலை கொடுக்க அந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். கேமரா அவர் பக்கம் போனபோதெல்லாம் நான் போனைத் தள்ளி வைத்தேன்.

உன்னைக் கடைசி வரிசைக்கு முன்வரிசையில் பார்த்தேன். பொங்கலுக்குக் கூரியரில் ஒரு பார்சல் வந்திருக்கும், அனுப்பியவர் பெயர் இல்லாமல். பிரிக்காமலே வைத்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன். அதிலிருந்த பச்சைச் சேலையில் நீ உட்கார்ந்திருந்தாய்.

கொஞ்ச நேரம் கேமரா உங்கள் பக்கமே நின்றது. உன் இடது பக்கம் கண்ணகி. வலது பக்கம் எனக்குத் தெரியாத ஒரு அம்மா. இரண்டு பேரும் உன் முந்தானையைப் பார்த்தார்கள். அந்த அம்மா கை நீட்டித் தொடப் போய், நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார். யாராவது கேட்பார்கள் என்று தாலி கட்டி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நீ நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அக்கா, சேலை உனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. பச்சை இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

எங்க எடுத்தீங்க?

உன் தம்பி,
அழகு