வெட்டுக்கிளியின் வலப்பக்கத்து இருக்கை

மார்ச் 3

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது நான்தான். யாரையும் வைத்து எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிற டீச்சரம்மாவைக் கேட்டுப் பார். "ஒரு தடவை பாத்துத் திருத்தித் தரட்டுமா ஐயா?" என்றார். "வேணாம்மா, தப்பு இருந்தா என் தப்பாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். நீ உள்ளே போனாய். நான் பக்கத்துத் தெருவில் ரோடு போடுவதை வேடிக்கை பார்க்கப் போனேன். போனவன் நாற்பது வருஷம் ரோலர் ஓட்டிவிட்டுத்தான் இறங்கினேன். நீ மாட்டு டாக்டர் ஆனாய். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருப்பாய் என்று பார்த்தால், உன் பையனைவிட வயதில் மூத்த ஒரு குட்டி விமானத்தை வாங்கி நீயே ஓட்டுகிறாய். ஊர் உலகத்தில் எவனுக்கு இப்படி ஒரு தங்கச்சி!

போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ பத்து வார்த்தை சொல்வாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதப் படிக்கக் கற்றதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் போன வாரம் வந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மாமா, நீங்க சொன்னா மட்டுந்தான் அம்மா கேப்பாங்க. அந்த விமானத்த வித்துடச் சொல்லுங்க. இல்லன்னா நான் அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன், குழந்தையையும் அனுப்பமாட்டேன்" என்றான். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்: விமானத்தை விற்றுவிடு.

எழுதிவிட்டேன். வாக்கு தீர்ந்தது. இனி நான் சொந்தமாகக் கேட்பது. அதற்கு ஹார்ன் உண்டா? பின்னால் போகுமா? மேலே போன பிறகு தும்மல் வந்தால் என்ன செய்வாய்?

இந்தப் பக்கத்தை எழுத மூன்று சாயங்காலம் ஆயிற்று. கை வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை.

உன் ரோலர் அண்ணன்

---

மார்ச் 12

என் அருமை அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பால்காரர் வந்து, "என்னம்மா, நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்று கேட்டார். "எங்கண்ணன் எழுதிருக்கான்" என்றேன். அதற்கு மேல் அவரிடம் என்னால் பேச முடியவில்லை.

ஹார்ன் கிடையாது. பின்னால் போகாது; இறங்கித் தள்ள வேண்டும், நான் ஒருத்தியே தள்ளிவிடுவேன், அவ்வளவு லேசு. தும்மல் வந்தால் தும்ம வேண்டியதுதான். விமானம் நிறுத்துகிற கொட்டகையில் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர். கால் மட்டும் நீளமாக, எப்போது வேண்டுமானாலும் தாவுகிற மாதிரி நிற்கும்.

பையன் எதற்காகக் கொதிக்கிறான் என்று சொன்னானா? போன மாதம் ஒருநாள் திரும்பி வரும்போது எதிரே மேகம் தாழ்ந்துவிட்டது. நுழைந்துதான் பார்ப்போமே என்று போகிறவர்கள் உண்டு. நான் போகவில்லை. திரும்பி, வழியில் இருந்த வேறொரு சின்னத் தளத்தில் இறங்கி, அங்கேயே பெஞ்சில் படுத்துவிட்டுக் காலையில் வந்தேன். போனில் சார்ஜ் போய்விட்டது. அதற்குள் அவன் எனக்குக் கருமாதி ஒன்றைத்தான் செய்யவில்லை. நான் பத்திரமாக இருந்ததற்காக என்னைத் திட்டுகிறான் அண்ணா.

நீ சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. ஆனால் பார்க்காததைப் பற்றி நீயும் எப்போதும் தீர்ப்புச் சொன்னதில்லை. ஒரு நாள் வா. என் பக்கத்தில் உட்கார். இறங்கிய பிறகு "வித்துடு" என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் விற்றுவிடுகிறேன். சத்தியம்.

வரும் முன் உன் எடையைச் சரியாகப் பார்த்து எழுது. வெட்டுக்கிளியிடம் பொய் சொல்லக் கூடாது.

உன் தங்கை

---

மார்ச் 20

தங்கச்சிக்கு,

பால்காரரிடம் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் டீச்சரம்மாவிடம் காட்டவில்லை. எனக்கே எனக்கு என்று வைத்துக்கொண்டேன்.

எடை பார்க்கப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கேதான் பெரிய தராசு இருக்கிறது. கடைக்காரர் என்னை ஏற்றி நிறுத்திவிட்டு, "என்னண்ணே, உங்களையேவா போட வந்தீங்க? துரு ஜாஸ்தி, பாதி விலைதான் வரும்" என்றார். எழுபத்தோரு கிலோ. செருப்போடு. பொய் இல்லை.

உன் மதினியிடமும் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்றாள். அது சம்மதமா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் பையனுக்கும் சொல்லிவிட்டேன். "உங்கள அனுப்புனா நீங்களும் ஏறப்போறீங்களா மாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வருகிறேன்.

உன் ரோலர் அண்ணன்

---

ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக மதினி சொன்னார்கள். நீ போனை வாங்கிப் பேசவில்லை. உன் வழக்கப்படி கடிதம் எழுதப் போகிறாய் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

வெட்டுக்கிளியை விற்கப் போகிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார்.

நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் கஷ்டத்தை நானே உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஓடுபாதையில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தபோது நீ உன் பக்கத்திலும் இருக்கிற பிரேக் மிதிகள் இரண்டையும் அழுத்தினாய். ரோலர் ஓட்டிய கால். சத்தம் ஏறினால் பிரேக்கைத்தான் தேடும். அது உன் தப்பு இல்லை. புதிதாக ஒருவர் ஏறினால் வலது இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, மிதி எட்டாமல் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன், இருக்கையை மறந்துவிட்டேன்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போனதே, அந்த நொடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு இருக்கை. நாளைக்கு எதை மறப்பேன்? பையன் சொல்வது சரிதான் போலிருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. விற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என்மேல் கோபம் இல்லையே?

உன் தங்கை

---

ஏப்ரல் 17

என் தங்கச்சிக்கு,

கோபம்தான். நிறையக் கோபம். நீ எழுதியதை நான் பாதியில் நிறுத்தாமல் படித்தேன் அல்லவா? இதையும் நீ அப்படியே படிக்க வேண்டும்.

நான் ஊர் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, கை வரவில்லை. அதற்குள் நீ முந்திக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான்.

வண்டி இழுத்தபோது நீ புல்லைப் பார்த்தாய். அது உன் வேலை. எனக்கு வேலை இல்லை, அதனால் நான் உன்னைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிந்திருக்காது, உன் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது.

உன் கை முதலில் இன்ஜின் சத்தத்தைக் குறைத்தது. அதே மூச்சில், "அண்ணே, கால எடு" என்றாய். கத்தவில்லை. சோறு போட்டுவிட்டு "அண்ணே, கைய எடு, சூடு" என்று சொல்வாயே, அந்தக் குரல். நான் எடுத்தேன். வண்டி குலுங்கிக்கொண்டே புல்லில் போய் நின்றது. இன்ஜினை அணைத்தாய். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாய். ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தாய். அப்படி ஒரு திட்டு! மாட்டு டாக்டருக்கு இவ்வளவு வார்த்தை எதற்கு என்று நினைத்தேன்.

நான் எத்தனையோ ஓட்டுநர்களைப் பார்த்தவன். ஏதாவது ஒன்று கோணலாகப் போனால் முதலில் திட்டுவார்கள், பிறகுதான் கை வேலை செய்யும். உனக்குக் கை முதலில், ஆள் இரண்டாவது, கோபம் கடைசியில். இந்த வரிசை யாருக்கும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

பிறகு நீ இறங்கி, புல்லில் முட்டி போட்டு, சக்கரம் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாய். வயிற்றுக்கு அடியில் புகுந்து பார்த்தாய். மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துப் போய் அங்கேயும் பார்க்கச் சொன்னாய். வண்டி சரி என்று அவர் சொன்ன பிறகும் நீ நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாய். எல்லாம் முடிந்து என்னிடம் வந்து, "வீட்டுக்கா, மேலயா?" என்று கேட்டாய். மேலே என்றேன். உடனே நீ என்ன செய்தாய்? நான் ஏறுவதற்கு முன்னால் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளினாய். ஒன்றை மறந்தாய், அது உன்னைக் கொல்வதற்குள் நிறுத்தினாய், மறுபடி மறக்கவில்லை. மறக்காத ஆளாகத் தேடினால் என் ரோலருக்கே ஓட்டுநர் கிடைத்திருக்க மாட்டான். தப்பு செய்தது என் கால். விற்பதென்றால் என் காலை விற்றுவிடு, இரும்புக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார்.

இனி மேலே போனதை எழுதுகிறேன். எனக்கு அதை எழுதும் அளவுக்கு எழுத்துப் பழகவில்லை. இருந்தாலும் விடமாட்டேன்.

சக்கரம் தரையை விட்டது எனக்குத் தெரியவில்லை. குலுக்கல் நின்றது, அவ்வளவுதான். நாற்பது வருஷமாக என் உடம்பில் இருந்த ஒரு குலுக்கல் அன்றைக்குத்தான் நின்றது. நீ ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பி, "அண்ணே, கீழ பாரு, ஊரைச் சுத்திப் போற ரோடு" என்றாய். அது நான் போட்ட ரோடு. போடும்போது எனக்கு அது எப்போதும் ரோலருக்கு முன்னால் பத்தடிதான். முன்னே பத்தடி, பின்னே பத்தடி. அது எங்கே வளைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று எனக்கு யார் காட்டினார்கள்? அன்றைக்கு நீ காட்டினாய். முழுசாக, ஒரே பார்வையில், எறும்பு மாதிரி லாரிகள் அதன்மேல் போய்க்கொண்டிருந்தன. நான் அழுதேன். காதில் மாட்டியிருந்த கருவியில் நான் மூக்கை உறிஞ்சியது உனக்குக் கேட்டிருக்கும். நீ ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாய். அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நீ கொடுத்த வாக்குப்படி இப்போது என் தீர்ப்பு: விற்காதே.

நிறுத்த வேண்டிய நாள் ஒன்று வரும். ரோலரிலிருந்து இறங்கச் சொல்லி எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அந்த நாள் வந்தால் முதலில் உன் கைக்குத் தெரியும், அடுத்து எனக்குத் தெரியும். நான் முகத்துக்கு நேரே சொல்வேன். அது இந்த மாதக் கடைசி ஞாயிறு இல்லை.

ஆனால் ஒன்று. உன் பையன் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. நீ மேகத்தைக் கண்டு இறங்கியது சரி. போன் அணைந்துவிட்டது என்று பெஞ்சில் படுத்தாயே, அது சரியில்லை. அங்கே இருந்த யாரிடமாவது போன் வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை தெரியுமா? விமானத்தில் இருக்கிற ஊசி முள் எல்லாம் உனக்கு மனப்பாடம், பெற்ற பிள்ளையின் நம்பர் மனப்பாடம் இல்லை. உன்னைக் காணாத அந்த ராத்திரி அவன் என் வீட்டுக்கு ஓடி வந்தபோது ஒரு காலில் அவன் செருப்பும் மறு காலில் அவன் பெண்டாட்டி செருப்பும் இருந்தது. அதை அவன் உன்னிடம் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன். நம்பரை மனப்பாடம் செய். இறங்கியதும் முதல் வேலையாக அவனைக் கூப்பிடு. அப்படிச் செய்தாலே அவன் பயம் பாதி இறங்கிவிடும்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று டீச்சரம்மாவே பஸ் பிடித்துப் பெரிய தபால் நிலையத்தில் போட்டார். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வகுப்பில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

உன் ரோலர் அண்ணன்

---

ஏப்ரல் 28

அண்ணாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது.

வாங்குவதற்கு அவரும் வந்தார். வரச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை, ஒரு சுற்றுக் கூட்டிப் போனேன். இறங்கியதும், "என்னம்மா, எப்ப எடுத்துக்கலாம்?" என்றார். "விக்கிறதா இல்லைங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் பையனை நான்தான் கூப்பிட்டேன். நம்பரைப் பார்க்காமல் அழுத்தினேன். கொட்டகைக்கு வரச் சொன்னேன். விற்கவில்லை என்று சொன்னேன். ஓடுபாதையில் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். "மாமாவக் கொன்னுருப்பீங்களேம்மா" என்றான். நான் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். சண்டை போட வந்தவன் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தான். செருப்பு இருக்கும் இடத்தில் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். நான் அவன் தோளைத் தொட்டு, "அன்னிக்கு உனக்குச் சொல்லாம இருந்தது தப்புதான்டா" என்றேன்.

கடிதத்தை மடித்து என்னிடம் தரவில்லை, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெட்டுக்கிளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இறக்கையைத் தட்டிப் பார்த்தான். பிறகு வலப்பக்கக் கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமலே கேட்டான்:

"இந்த பெல்ட்ட எப்படிம்மா மாட்டணும்?"

உன் தங்கை