இருநூறு காட்டி வாங்கினவன்

அன்பு மவ ஹஸீபாவுக்கு வாப்பா எழுதுதது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நானும் உம்மாவும் உனக்க மவ ஷஹ்லாவும் அல்லாஹ் கிருபையில சொகம், துபாயில நீ நேரத்துக்குத் தின்னுதியான்னுதான் எங்களுக்கு வெப்ராளம். புதுக்கடை ஊருல உனக்குத் தையல் கடை போடப் பாத்த வாடகை முறிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிரும்னு சொன்னேன்லா, அதுக்காக எனக்க ரப்பர் கம்பெனி பங்கு நாலாயிரத்தையும் விக்கப் போனேன். முதல் நாளே மடத்தனம் காட்டிப்போட்டேன், சிரிக்காத. தேங்காப்பட்டணம் கடப்புறத்துல நாப்பது வருசம் மீன் ஏலம் விட்டவன், மூடி வெச்சா அழுகல்னு நினைப்பானுவன்னு மொத்தத்தையும் மணல்ல கொட்டிக் காட்டித்தான் பழக்கம். அதேபோல நாலாயிரத்தையும் எண்பத்திரண்டு ரூவாய்க்குப் பங்கு ஆபீஸ் திரையில காட்டினேன். இவ்வளவு சரக்கு வருதேன்னு வாங்குதவனெல்லாம் பின்னால போயிட்டான், விலை எழுபத்திநாலுக்கு விழுந்துட்டு. சவம், அன்னைக்குச் சோறு எறங்கல.

மறுநாள் ஆர்டரைப் பின்வலிச்சதும் விலை எழுபத்தொம்பதுக்கு ஏறிட்டு. மார்த்தாண்டம் பங்கு ஆபீஸ்ல வேலை செய்யுத நந்தனா, நாலாயிரம் போட்டாலும் நானூறு மட்டும் வெளிய காட்டலாம் அங்கிள், பாக்கி ஒளிஞ்சு நிக்கும்னு சொன்னா. விக்குதவன் ஒளிக்கலாம்னா வாங்குதவன் ஒளிக்க மாட்டானான்னு எனக்குத் தோணிட்டு. திரையையே பாத்துட்டு இருந்தேன். எழுபத்தொம்பதுக்கு வாங்க இருநூறு பங்குக்குத்தான் ஆள் நிக்குது. யாரோ இருநூறு வித்தான், உடனே பின்னையும் இருநூறு நிக்குது. பதினொரு தடவை எண்ணினேன் கேட்டியா, அந்த இருநூறு குறையவே இல்ல! நந்தனா பயந்துட்டா, மொத்தமாப் போட்டு மிச்சம் நின்னா மறுபடியும் விலை விழும், ரெண்டு நாள்தான் இருக்கு, எழுபத்தாறுக்குக் குடுத்துருங்கன்னு கெஞ்சினா. முடியாது மக்கா, உள்ள பெரிய ஆளு ஒளிஞ்சு இரிக்கான், எழுபத்தொம்பதுக்கே நாலாயிரத்தையும் போடுன்னேன். கண்ணு மூடித் திறக்குததுக்குள்ள நாலாயிரமும் போயிட்டு, ஒரு பைசா எறங்கல! நான் போட்ட சத்தத்துல ஆபீஸே எழும்பிட்டு, எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் குடுத்தேன். மனுசனுக்குக் கால் தரையில படலன்னு உம்மா இப்பவும் கேலி பண்ணுதா.

வியாழக்கிழமையே அட்வான்ஸ் குடுத்து உனக்க பேருல எழுதியாச்சு. ஊருக்கு வர விசா ரத்து செய்ய எழுதிக் குடுக்க மறந்துராத, சம்பளப் பாக்கியைக் கையில வாங்காம கையொப்பு போடாத. அல்லாஹ் உனக்கு ஆயுசும் பரக்கத்தும் தரட்டு. எனக்க உம்மா எப்ப வருவான்னு ஷஹ்லா கேக்கும்போதெல்லாம் அடுத்த பெருநாளைக்குன்னு ஆறு வருசமாப் பொய் சொல்லிட்டேன், இனி சொல்ல மாட்டேன். டிக்கெட் போட்டுத் தேதியை நீயே அவகிட்டச் சொல்லு.

உனக்க வாப்பா,
மைதீன் கனி