பாடு வரிசையில் ஒன்பதாவது பெயர்

அக்டோபர் 7

காலையிலிருந்து வேலை. சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கிருந்து விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். சர்வரில் இருக்கும் எங்கள் புரோகிராம் அதை வாங்கி, ஒரு மாதிரிப் படிவத்தில் நிரப்பி, பிடிஎஃப் அறிக்கையாகக் கொடுக்கும். இன்று ஒருவருடைய சர்க்கரை அளவு வெறுமையாக வந்தது. மொத்த அறிக்கையும் நின்றுவிட்டது. எங்கள் மேலாளர் ஜெரோம் சார் போனில், "காலியா இருந்தா ஒரு கோடு போட்டுட்டு மேல போற மாதிரி மாத்தும்மா" என்றார். மாற்றினேன்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் போய் எண்பத்தோரு நாள். இன்னும் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11

மீனவர் சங்கச் செயலாளர் மாசிலாமணி அண்ணன் வந்தார். பதினைந்தாம் தேதி புதுச் சுற்று ஆரம்பம். முகத்துவாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டு ஆண்தான் வலை கட்டலாம், அதுதான் பாடு. யாருக்கு எந்த நாள் என்ற பட்டியலை நான்தான் அச்சடித்துக் கொடுப்பது. ஆபீசில் கற்ற அதே வேலைதான் — பெயர்கள் ஒரு கோப்பில், பட்டனைத் தட்டினால் பிடிஎஃப்.

"பேரு கீரு மாத்தறது இருந்தா நீயே பாத்துக்கம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அக்டோபர் 13

கோப்பைத் திறந்தேன். ஒன்பதாவதாக அவர்.

பெயருக்குப் பக்கத்தில் 'இறந்தவர்' என்று சேர்த்தால் போதும். புரோகிராம் அந்தப் பெயரைத் தாண்டிவிடும். பின்னால் இருக்கும் எல்லோரும் ஓர் எண் முன்னே வருவார்கள். இந்த விதியை இரண்டு வருடத்துக்கு முன் எழுதியவளே நான்தான். அன்று பக்கத்தில் உட்கார்ந்து உப்பு தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தார். "அப்போ செத்த அன்னிக்கே தூக்கிருவியா செவ்வந்தி?" என்று கேட்டார். தூக்காமல் பின்னே என்றேன்.

ஒரே ஒரு சொல். கை போகவில்லை. அப்படியே பட்டனைத் தட்டிவிட்டேன்.

அக்டோபர் 14

பட்டியலைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டியாகிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 23

இன்று அவருடைய நாள்.

மாமியார் தண்ணீர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் வலை எறக்கலடி" என்றார். நான் உலை வைத்தேன்.

அக்டோபர் 24

மாசிலாமணி அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார்.

"பத்தாவது பேரு ஸ்டீபனாச்சே, நேத்தே எறக்குடான்னேன். 'பட்டியல்ல அவன் பேரு கீது, அவன் பாட்ல நான் எப்படி வலை கட்டறது?'ன்னுட்டான். அதுக்கப்புறம் எவனும் போவல. இறா ஓடற நேரம்மா. ஒரு நாள் தண்ணி சும்மா கெடந்துச்சு."

"மிஷின் தப்பு இல்லண்ணா. நான்தான் மாத்தல."

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தெரிந்தே ஒரு நாள் பிழைப்பை விட்டார்களா? இன்னா மனுஷங்க இவங்க! வெட்கமாக இருக்கிறது. அடுத்த சுற்றுக்கு மாத்தித்தான் ஆவணும். வேற வழி இல்ல.

நவம்பர் 9

பரிசோதனைக் கூடத்துக்கு இன்று முந்நூறு அறிக்கை போயின. எதுவும் நிற்கவில்லை.

நவம்பர் 25

நாளை மறுநாள் அடுத்த சுற்று. காலையில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். பட்டனைத் தட்டினேன். ஒன்பதில் ஸ்டீபன்.

மாசிலாமணி அண்ணனுக்குக் கண் மங்கல் என்று எழுத்தைப் பெரிதாகவே வைப்பேன். அதனால் எப்போதும் நாற்பத்து மூன்றாவது பெயர் மட்டும் இரண்டாம் தாளில் தனியாகப் போய் விழும். இன்று தாளை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரே தாள்ல அடங்கிடுச்சே! நல்லதாப் போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முகம் செத்துப்போயிற்று. தாளை மடிக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை.

"ஆமாண்ணா, அடங்கிடுச்சு" என்றேன்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், வாய்விட்டு. மாமியார் உள்ளே வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.