ஜன்னலோரத்துப் பச்சை பாட்டில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது, அதை விடு. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மகள் செய்த காரியம் அப்படி.

ஏரி பச்சையாகிப் போனது உனக்குத் தெரியும். பெயிண்டைக் கொட்டியது போலப் பாசி, கிட்டப் போனால் மூக்கைப் பொத்த வேண்டும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு தவித்தன. படகில் யார் ஏறுவார்கள்? உன் அண்ணன் படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். போதாததற்கு, அவன் மோட்டாரில் ஒழுகுகிற எண்ணெய்தான் ஏரியைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. கரைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருக்கிற உன் தங்கையே அவனிடம் சொன்னாள், என் பூவைப் பார்க்க வருகிறவர்கள் உன் நாற்றத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். படகுத்துறையையே மூடிவிடலாமா என்று முடிவு செய்ய நகராட்சியில் கூட்டம் போட்டார்கள்.

தண்ணீரைப் பற்றிப் படிக்கிறேன் என்று இங்கே வந்து தங்கியிருக்கிற உன் மகள் சும்மா இருப்பாளா? என் சமையலறை ஜன்னலில் கண்ணாடி பாட்டில்களை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் ஏரிக்கு வருகிற ஓடையில், பூங்காவுக்கு மேலே பிடித்த சுத்தமான தண்ணீர், கூடவே கொஞ்சம் பாசி. ஒன்றில் பெரியப்பா மோட்டாரின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றில் அத்தை போடுகிற உரம் ஒரு சிட்டிகை, ஒன்றைச் சும்மா விட்டுவிட்டாள். நல்ல பாட்டிலாயிற்றே, கழுவி மிளகு போட்டு வைக்கலாம் என்று நான் கையை வைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெயில் பட்டுப்பட்டு, உரம் போட்டது மட்டும் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. மழையன்று பூங்காவிலிருந்து ஏரிக்கு ஓடுகிற வாய்க்கால் தண்ணீரையும் பிடித்துச் சோதித்தாள், உரம் அப்படியே கரைந்து வந்ததாம்.

உன் தங்கையின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வானம் இருட்டினால் போதும், உர வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மழையே கரைத்து வேருக்கு இறக்கிவிடும், தண்ணீர் விடுகிற வேலை மிச்சம் என்பாள். நாங்களும் கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தோம். அது வேருக்கு எங்கே இறங்கியது, நேரே ஏரிக்கல்லவா போயிருக்கிறது! அதைத் தின்று கொழுக்கிற பாசி பிறகு செத்து அழுகும்போது மீனுக்கு வேண்டிய மூச்சுக்காற்றும் தீர்ந்துவிடுமாம். ஐந்தாவதோடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி உன் மகள் சொன்னாள்.

கூட்டத்துக்கு முன்னாலேயே அத்தையிடம் சொல்லிவிட்டாள், அந்த நியாயம் எனக்குப் பிடித்தது. உன் தங்கை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உன் மகள் பாட்டில்களை மேஜையில் வைத்து எல்லாம் விளக்கிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்து, "உரம் நல்லதுதான் அத்தை. செடிக்குப் போக வேண்டியது ஏரிக்குப் போயிடுச்சு, அவ்ளோதான்" என்றாள். அவ்வளவு பேர் நடுவில் அத்தை என்று கூப்பிட்டாளே, என் கூன் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. படகுத்துறையை மூடும் பேச்சைக் கைவிட்டுவிட்டார்கள். உன் தங்கை மட்டும் யாருக்கும் காத்திராமல் முதல் ஆளாக வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் கருகருவென்று மேகம் கட்டியது. பூங்கா உரம் எல்லாம் வெளியே திறந்து கிடந்தது. உன் தங்கை எழுந்து ஓடினாள். மறுபடியும் உரம் போடத்தான் ஓடுகிறாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். பார்த்தால், மூட்டைகளைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறாள்! தூறல் விழுந்துவிட்டது, மூட்டை நகரவில்லை. கரையிலிருந்து உன் அண்ணன் வந்து மறுமுனையைப் பிடித்தான். "தூக்குடி, என்ன பார்க்கிற" என்றான். "பார்த்துப் பிடிண்ணே, ஓட்டை மூட்டை" என்றாள். இத்தனை நாளுக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து ஒரே துண்டில் தலை துவட்டினார்கள்.

ஏரி உடனே தெளியாது, அடிச்சேற்றில் பழைய உரம் இருக்கிறது என்கிறாள் உன் மகள். இருக்கட்டும். இன்று காலையில் உன் அண்ணன் ஒரு படகை நிமிர்த்தி வைத்துவிட்டான், உன் தங்கை அதற்குப் பெயிண்ட் அடிக்கிறாள்.

மகளைப் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை பாராட்டு, தங்கையைக் கிண்டல் பண்ணாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மறக்காதே, உன் மாடிப் பூந்தொட்டிகளுக்கும் மழைக்கு முன்னால் உரம் போடாதே, உன் வீட்டுத் தண்ணீரும் எங்கேயோ ஒரு ஏரிக்குத்தான் போகும்.

பேத்தியால் தலைகால் புரியாமல் இருக்கும்
உன் அம்மா