பனிக்குள் பத்து கெஜம்

24-7-88, ஞாயிறு இரவு

இன்றைக்கு ஃபுட்பால் மேட்ச் பாதியில் மூடுபனி இறங்கிவிட்டது. ஃப்ரீ கிக் கொடுத்தேன். தடுக்க நிற்கிறவர்கள் பத்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும். ஒரு பயலும் நகரவில்லை. "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா?" என்றான் ஒருவன். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. எல்லோரும் சிரித்தார்கள். விசிலை வீசிவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். பனி இறங்கினால் தடுக்கிறவர்கள் கை தட்டிக்கொண்டே நிற்க வேண்டும். சத்தம் கிட்டே வந்தால் ஊதிவிடுவேன். எஸ்டேட் டீம் அந்தோணி தட்டிக்கொண்டே முன்னால் வருவான். கேட்டால், அதுதான் பத்து கெஜம் என்று சாதிப்பான். எத்தனை சண்டை! முடிந்ததும் அவன் வீட்டில்தான் காப்பி.

முழங்கால் போனதிலிருந்து அவன் மைதானத்துப் பக்கமே வந்ததில்லை. இன்று கோட்டுக்கு வெளியே, பனிக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

"தட்டுங்க சாமி, ரெஃப்ரிக்குக் கேக்கோணுமில்ல!"

அவன் குரல்தான். பையன்கள் ஒவ்வொருவராகத் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டிக்கொண்டே பின்னால் போனார்கள்.

ஒரு கைதட்டல் மட்டும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அந்தோணி, பின்னால போ!"

"இதுவே பத்து கெஜந்தானுங்க!"

விசிலை வாயில் வைத்தேன். சிரித்துக்கொண்டே விசில் ஊத முடியாது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.