வக்கீல் போட்ட மாலை

1937, மாசி, வெள்ளி இரவு

தம்பியின் வழக்கை எடுத்த வக்கீல் இப்போது சட்டசபைக்கு நிற்கிறான். இன்று பூந்தமல்லியில் கூட்டம். தேசத்துக்காகக் கறுப்பு அங்கியைக் கழற்றி எறிந்த கதையை மேடையில் உருகி உருகிச் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியையும் இழுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"வக்கீலய்யா, நீங்க அங்கியக் கழட்டுன அன்னிக்குத்தான் இவன் கூண்டுல நின்னுகினு இருந்தான். மாடு திருடுனான்னு பொய்க் கேசு. பேச ஆள் இல்லாம ஜெயிலுக்குப் போனான். அதையும் சொல்லுங்க!"

அந்த ஆள் அசரவில்லை. இறங்கி வந்து, தன் கழுத்து மாலையைத் தம்பிக்குப் போட்டான். "இவரும் நாட்டுக்காகச் சிறை சென்ற தியாகிதான்!" என்றான். கூட்டம் கைதட்டியது. மாலையைப் பிடுங்கி அவன் முகத்தில் எறியப் போனேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நெமிலிச்சேரி வரும்வரை அவன் மாலையைக் கழற்றவில்லை. ஊருக்குள் நுழையும்போது கேட்டான்.

"அண்ணாத்தே, இனிமே யாரும் என்ன மாட்டுத் திருடன்னு கூப்புட மாட்டாங்க இல்ல?"

"கூப்புட மாட்டாங்கடா" என்றேன்.

இப்படி என்னையே சொல்ல வைத்துவிட்டான் அந்த அயோக்கிய வக்கீல். அவனை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.