தாராளமாக வரட்டும்

19 மார்ச் 1977, சனி. மல்கிரேவ், மெல்பேர்ண்

இவர் முன் அறையில் தனியாக இருந்து சிரிக்கிறார். தேத்தண்ணி கொண்டுபோய், என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்டுமில்லை நாகேஸ், நீ போ." மடியில் அந்த இங்கிலீஷ்காரனின் நாவல். யாழ்ப்பாணத்தில் கொலிஜில் படிக்கும்போது பிடித்த விசர். அந்த ஆள் எழுதிய ஒன்றையும் இவர் விட்டதில்லை. இந்தக் கதையில் ஒரு சொந்தக்காரன் இரண்டு நாளைக்கென்று வந்து, வருஷக்கணக்காய்ப் போகாமல் இருக்கிறானாம். வீட்டுக்காரன் முகத்தில் ஒரு அசைவும் காட்டாமல், "நீங்கள் போனால் நாங்கள் எப்படி உயிர் வாழ்வது" என்று தினமும் அவனிடம் சொல்வானாம். இதில் என்ன சிரிப்பு?

கதை இல்லை என் கரைச்சல். எழுதினவர் செத்து எவ்வளவோ காலம். அவருடைய நாக்கு மட்டும் எங்கள் வீட்டில் குடியிருக்கிறது. இவர் ஒன்றையும் நேரே சொல்ல மாட்டார். போன கிழமை மெட்ராஸ் பார்த்தசாரதி வீட்டில் பூரி அப்பளம் மாதிரி நொறுங்கியது. "இதைச் சாப்பிடக் குடுத்து வைச்சிருக்கோணும்" என்றார். "ஆமா சார், இன்னும் ரெண்டு போட்டுக்குங்க" என்று அந்த மனுசன் உச்சி குளிர்ந்து போனார். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது. என் மீன்குழம்புக்கும் இதே சொல்லைத்தானே சொன்னவர்!

20 மார்ச்

கேட்டுவிட்டேன். தங்கச்சி வதனாவையும் அவள் புருஷன் கேதீஸ்வரனையும் பிள்ளையையும் இங்கே ஸ்பொன்சர் பண்ணுவோமா என்று. அவன் அனுராதபுரத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சுற்றிவரச் சிங்கள வீடுகள். நிம்மதியாக நித்திரை கொள்ள முடியவில்லை என்று எழுதுகிறாள்.

இவர் பேப்பரை மடித்தார். "தாராளமாக வரட்டும். ஏன் மூண்டு பேர்? ஊரையே கூப்பிடு. உடுப்புத் தோய்க்கிற லோண்ட்றியிலயும் பாய் விரிக்கலாம்."

இது ஓமா, இல்லையா? புத்தகத்து வீட்டுக்காரனும் இப்படித்தானே சொல்கிறான்? திரும்பக் கேட்க ரோஷம் விடவில்லை.

26 மார்ச்

டண்டினொங் மார்க்கெட்டிலிருந்து கார்க் கூரையில் ஒரு கட்டிலைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஆருக்கு?"

"மகாராணி அவுஸ்திரேலியாவுக்கு வந்திருக்கிறா. படுக்க இடமில்லாட்டி என்ன செய்வா, பாவம்?"

என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறார். கந்தோரில் கூட வேலை செய்கிற யாரோ வாடகைக்கு அறை தேடுகிறார் என்று போன மாதம் இவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பின் அறையை அந்த ஆளுக்கு விடப் போகிறார். அறை நிறைந்துவிட்டால், தங்கச்சிக்கு இடமில்லை என்று வாயால் சொல்லத் தேவையில்லையே. சரியான கெட்டிக்காரன்!

14 ஏப்ரல், வருஷப்பிறப்பு

வதனாவின் பக்கத்து வீட்டுக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். இவர் சாமிப் படத்துக்குப் பூ வாங்கப் போயிருந்தார். ஒரே இரைச்சல். வாழ்த்துச் சொல்லி முடிக்க முதல் அவள் கேட்டாள்: "அக்கா, அத்தான் என்ன சொன்னவர்?"

என்னத்தைச் சொல்ல? ஊரையே கூப்பிடச் சொன்னார், லோண்ட்றியில் படுக்கச் சொன்னார் என்றா? கூடப்பிறந்தவளிடம் என்றாலும் புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா?

"பார்ப்பம் எண்டவர்" என்றேன்.

எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. பார்ப்பம் என்றால் இல்லை. அது அவளுக்கும் தெரியும். மெல்பேர்ணில் மீன் கிடைக்கிறதா என்று கேட்டாள்.

2 மே

ஒருத்தரும் வாடகைக்கு வரவில்லை. கட்டில் சும்மா கிடக்கிறது. அப்படியென்றால்? — தெரியாது. கேட்கப் போவதில்லை.

5 ஜூன்

சாப்பிடும்போது இவர்: "அனுராதபுரத்து மாளிகையை விட்டுப்போட்டு ஆர் எங்கட கொட்டிலுக்கு வருவினம்?"

ஆரைக் குத்துகிறார்? அவர்கள் வரவில்லை என்றாகிவிட்டது, பிறகும் ஏன் இந்த நக்கல்? கோப்பையைத் தொட்டிக்குள் போட்டேன். அந்தச் சத்தத்தில் எழும்பிப் போய்விட்டார்.

20 ஆகஸ்ட்

ரேடியோவில் இலங்கையில் கலவரம் என்று ஒரு வரி. பார்த்தசாரதி எங்கேயோ கேட்டுவிட்டு ஓடி வந்தார். "அனுராதபுரத்துல தமிழாளுங்க வீட்டையெல்லாம் கொளுத்துறாங்களாம்மா." ட்ரங்க் கோல் போகுதில்லை. ஐயோ வதனா.

21 ஆகஸ்ட்

காலமையிலிருந்து இவர் டெலிபோனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஒரு பகிடி இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. ஏதாவது நக்கலாச் சொல்லு மனுசா!

24 ஆகஸ்ட்

தந்தி வந்தது. மூண்டு பேரும் உயிரோட இருக்கினம். வீடு இல்லை. முகாமில இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போகினமாம்.

இவர் தந்தியைப் பிடிச்சுக்கொண்டு அழுதார். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் காணாத அழுகை. பிறகு சொன்னார்: "சித்திரை முடிய முன்னமே கேதீசுக்கு எழுதினனான், அலுவலைத் தொடங்குவம் எண்டு. உங்களுக்கு ஏன் சிரமம் எண்டு மறுத்துப்போட்டான். எங்கட வீடு அவைக்குக் காணாதாக்கும் எண்டு நானும் கோவத்தில விட்டிட்டன். விட்டிருக்கக் கூடாது."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே, தாராளமாக வரட்டும் எண்டு? கட்டில் பின்ன ஆருக்கு?"

நான் தந்தியை வாங்கி மடிச்சு வைச்சன்.

25 ஆகஸ்ட்

வதனாவிட்டைப் பார்ப்பம் எண்டு நான் சொன்னதை இவருக்குச் சொல்ல வேணும். இண்டைக்கு இல்லை.

11 ஒக்டோபர்

ஸ்பொன்சர் அலுவல் தொடங்கியாச்சு. இவர் இப்போது என்னோடு நேராகப் பேசுகிறார். உப்புக் கூடிப்போச்சு என்றால் கூடிப்போச்சுத்தான். நல்லாயிருக்கு என்றால் நல்லாயிருக்கு. எனக்குச் சகிக்கவில்லை.

9 ஜூலை 1978, ஞாயிறு

வதனா குடும்பம் வந்து மூன்றாம் கிழமை. கேதீஸ்வரனுக்கு டண்டினொங்கில் ஃபக்டரி வேலை கிடைத்திருக்கிறது. மத்தியானம் அவன் திரும்பவும் சோற்றுச் சட்டிப் பக்கம் கையை நீட்ட, இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ, இப்பிடிக் குருவி மாதிரிக் கொறிச்சால் எங்கட மானம் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வதனாதான் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தந்த துணிவில், குசினிக்குள் வைத்து அவளிடம் சொல்லிவிட்டேன். "அண்டைக்குப் பார்ப்பம் எண்டு அத்தான் சொல்லேல்லையடி. அவர் வரட்டும் எண்டுதான் சொன்னவர். எனக்குத்தான் அது பகிடியோ உண்மையோ எண்டு விளங்கேல்லை."

வதனா திரும்பியும் பார்க்கவில்லை. "பார்ப்பம் எண்டு அத்தான் சொல்லேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அவர் ஒரு சொல்லோட நிப்பாட்டுற ஆளோ? உங்கட கலியாண வீட்டிலயே எங்களைச் சிரிக்க வைச்சுச் சாகடிச்சவரெல்லே." வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "உனக்குத்தான் நாங்கள் வாறது விருப்பமில்லை எண்டு நினைச்சனான். கேதீசுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். அக்காவுக்குப் பாரமா இருக்க வேண்டாம் எண்டு."

"கடவுளே, அப்பிடி இல்லையடி!"

தலையை ஆட்டினாள். நம்பினாளோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, ஸ்பிரிங்வேலில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், இந்த மாதம் முடிய அங்கே போகிறோம் என்றாள்.